ஊசியக்காவின் பிரியாத தையல்

ஊசியக்காவிடம் வண்டி சீட் தைக்கக் கொடுத்துவிட்டு, "தையல் பிரிஞ்சிடாதே?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரே ஆள் இரண்டாவது முறை கேட்டதாகத்தான் சரித்திரம் இல்லை. கேட்டவரை அவள் மேலும் கீழும் பார்ப்பாள். இரண்டு தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து வைத்திருக்கும் ஒரு மாதிரித் துண்டை எடுத்து அதன் முனையை அவர் கையில் கொடுத்து, "இழுங்க" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே இழுப்பார். பிறகு சிரிக்காமல் இழுப்பார். கடைசியில் காலை மேஜையில் முட்டுக்கொடுத்துக்கூட இழுப்பார். தோல் நீளுமே தவிர, தையல் அசையாது. "போதும் சார், தோள்பட்டை பிசகிக்கப் போகுது" என்று துண்டை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிடுவாள்.

திமிர்தான். ஆனால் சும்மா வந்த திமிர் இல்லை. பதினேழு வயதில் பள்ளிக்கூடப் பை தைக்க உட்கார்ந்தவள். பிறகு ஒன்பது வருஷம் பஸ் சீட். பஸ் சீட்டை என்ன பாடு படுத்துவார்கள் என்று உங்களுக்கே தெரியும். பிளேடு வைத்துக் கீறுகிறவனும் உண்டு, பொழுது போகாமல் நூலைப் பிடித்து இழுக்கிறவனும் உண்டு. அவள் தைத்த சீட்டில் ரெக்ஸின் கிழிந்து தொங்கியிருக்கிறது, தையல் மட்டும் போட்டபடியே இருந்திருக்கிறது. மெழுகுக் கட்டியில் நூலை இரண்டு முறை இழுத்து, இரட்டையாகக் கோத்து, ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் போட்டு, ஓரத்தில் ஒரு மடிப்பு மடித்து மறுபடியும் ஓட்டுவாள். அந்த மடிப்பை எப்படிப் போடுகிறாள் என்று மட்டும் யாருக்கும் காட்டமாட்டாள். யாராவது எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொள்வாள், பரீட்சையில் விடையை மறைக்கிற பிள்ளை மாதிரி.

கடந்த இருபத்திரண்டு வருஷமாக அவள் இருப்பது ஒரு கார் ஒர்க்‌ஷாப்பின் பின்கட்டு அறையில். தகரக் கூரை, உயரத்தில் ஒரு ஜன்னல், வெட்டுகிற மேஜை, மிஷின், சுவர் முழுக்க நூல் கண்டுகள். அந்த ஒர்க்‌ஷாப்பில் எல்லா வண்டியும் பார்க்கமாட்டார்கள். சுவீடன் நாட்டுக் கம்பெனி ஒன்றின் கார்களை மட்டும்தான் பார்ப்பார்கள். நடத்துகிறவர் ஒரு மெக்கானிக். அதிகம் பேசாத மனுஷன், ஊசியக்காவைவிட இரண்டு வயது சின்னவர். அவர் பேசாததற்கும் சேர்த்துப் பேசத்தான் சனிக்கிழமை காலையில் வண்டிக்காரர்கள் வந்துவிடுவார்களே! வண்டியில் ஒன்றும் கோளாறு இருக்காது. ஆனாலும் வருவார்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வண்டியை ஒருவர் தட்டிப் பார்ப்பார்கள்.

"பெட்ரோலைக் குடிக்கிற குடி இருக்கே, அடேயப்பா" என்பார் பேக்கரிக்காரர். "ஒரு கண்ணாடி ஒடைஞ்சா கப்பல்ல வர்ற வரைக்கும் காத்துக் கெடக்கணும். ஆனா ஒண்ணு, கதவைச் சாத்தும்போது ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அதைக் கேட்டாப் போதும், எல்லாத்தையும் மன்னிச்சிடுவேன்."

"என்னை ஒரு லாரிக்காரன் பின்னாடி வந்து மோதினான்" என்று பல் டாக்டர் அம்மா நூறாவது முறையாக ஆரம்பிப்பார். "டிக்கி அப்பளமா நொறுங்கிப்போச்சு. நான் கதவைத் தொறந்து எறங்கி அவனைத் திட்டினேன்."

இவர்களுக்கெல்லாம் தலைவர் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றவர். கிடைத்த புது ஆளைப் பிடித்து உட்காரவைத்து பெல்ட் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே வருகிறதே, இன்றைக்கு உலகத்தில் எல்லா வண்டியிலும் இருக்கிறதே, அந்த பெல்ட்டை ஐம்பதுகளின் கடைசியில் தன் வண்டியில் போட்டுக் கொடுத்தது இந்தக் கம்பெனிதான். காப்புரிமையை வைத்துக்கொண்டு ஊரையே விலைக்கு வாங்கியிருக்கலாம். "எல்லாரும் எடுத்துக்குங்கன்னு விட்டுட்டான்யா! எவன் விடுவான்?" என்று தொடையைத் தட்டுவார்.

"நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்று உள்ளேயிருந்து ஊசியக்கா குரல் வரும். எல்லாரும் சிரிப்பார்கள். அவள் மடிப்பு ரகசியம் அவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான்.

அவளுக்கு ஒரே தங்கை. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தங்கை புருஷன் நாற்சந்தியில் வண்டி திருப்பும்போது, பக்கவாட்டில் ஒரு வேன் வந்து இடித்துச் செத்துப்போனார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் தங்கை எந்தக் காரிலும் ஏறவில்லை. மகளையும் ஏறவிடவில்லை. அந்தப் பெண்ணுக்கோ ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலை. மூன்று பஸ் மாறிப் போய், மூன்று பஸ் மாறி வந்தாள். பார்க்கப் பொறுக்காமல் ஊசியக்காதான் ஒரு சனிக்கிழமை தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வாத்தியார் முன்னால் உட்காரவைத்தாள். வாத்தியார் பெல்ட் கதை சொன்னார். பல் டாக்டர் அம்மா லாரிக் கதை சொன்னார். மெக்கானிக் ஒரு வண்டியின் முன் கதவைத் திறந்து, "பக்கத்துல இடிச்சா சீட்டுக்குள்ளேருந்து ஒரு காத்துப் பை வரும்மா" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். தங்கை அந்தக் கதவை இரண்டு முறை திறந்து திறந்து சாத்திப் பார்த்தாள்.

அதே கம்பெனியில் பழைய வண்டிதான் வாங்கினார்கள். சீட் பாவம் வெளுத்துக் கிடந்தது. "நான் இருக்கும்போது இந்த அழுக்குச் சீட்டா?" என்று ஊசியக்கா பத்து நாள் உட்கார்ந்து, குங்கும நிறத் தோலில் புது உறை தைத்துப் போட்டாள். பையைப் பற்றி மெக்கானிக் சொன்ன அன்றைக்கு அவளும் அங்கேதான் நின்றாள். காதில் விழுந்தது, கைக்குப் போகவில்லை. அவள் ஆயுசில் தைத்ததிலேயே நல்ல தையல் அதுதான். தங்கை அதைத் தடவிப் பார்த்துவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இப்பத்தான்க்கா ராத்திரி தூக்கம் வருது" என்று பிறகு ஒரு நாள் சொன்னாள்.

அந்த உறையைப் பார்த்துவிட்டு மற்ற வண்டிக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். தங்கையுடையதையும் சேர்த்து மொத்தம் ஒன்பது வண்டி.

போன மாதம் முதல் வாரம், பக்கவாட்டில் இடிபட்ட கார் ஒன்று ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. அதே கம்பெனி வண்டி, ஆனால் வெளியூர்க்காரருடையது. ஓட்டிய பெண் கை வீக்கத்தோடு தப்பிவிட்டாள். மெக்கானிக் ஓட்டுநர் சீட்டைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து வைத்தார். சாய்மானத்தின் வெளிப்பக்க ஓரம் மேலிருந்து கீழே திறந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் துணிப்பை சுருங்கித் தொங்கியது.

ஊசியக்கா பிரிந்த ஓரத்தை விரலால் தள்ளிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதென்ன தையல்? தும்மினாப் பிரிஞ்சிடும் போல இருக்கே. இதுக்கா ஒலகமே கைதட்டுது?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. "அக்கா, கம்பெனிக்காரன் அதைப் பிரியணும்னுதான் வெச்சிருக்கான்" என்றார். "மத்த எடமெல்லாம் நல்ல நூலு. இந்த ஒரு சாண் மட்டும் வேணும்னே நோஞ்சான் நூலு. இடிச்ச ஒடனே பை இந்த வழியாத்தான் வரணும். கண்ணிமைக்கிற நேரம்கூடக் கெடையாது அதுக்கு. தையல் பிரிஞ்சதாலதான் அந்தப் பொண்ணு விலா எலும்பு தப்பிச்சுது."

ஊசியக்கா அந்த அறுந்த நூலை எடுத்துப் பார்த்தாள். மெல்லிய பருத்தி நூல். அவள் மெழுகு நூலில் கால்வாசி கனம்கூட இல்லை.

"நான் போட்ட உறை?" என்று கேட்டாள்.

மெக்கானிக் அப்போதுதான் யோசித்தார். அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். "நானும் கவனிக்கலையேக்கா" என்றார் மெதுவாக. "உங்க தையல் பிரியாதே."

முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் ஊராரிடமிருந்து கேட்டு வாங்கிய பாராட்டு அது. அன்றைக்கு அதைக் கேட்டதும் கையிலிருந்த நூலைக் கீழே வைத்தாள். வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். வந்ததும் போனை எடுத்தாள்.

எட்டுப் பேரையும் அவளே கூப்பிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. "தப்பாத் தெச்சுட்டேன். பக்கத்துல இடிச்சா பை வெளிய வராது. பிரிச்சுத் தரேன், வண்டியக் கொண்டாங்க" என்றாள். பல் டாக்டர் அம்மா, "சொன்னதுக்கு நன்றிம்மா" என்றார். பேக்கரிக்காரர் அன்றைக்கே ஓடிவந்தார். வாத்தியார்தான் முரண்டுபிடித்தார்.

"ஏம்மா, ஒலகத்துலயே பத்திரமான வண்டி இது. உன் ஒரு முழ நூலு அதை என்ன பண்ணிடும்? இரும்பும்மா, இரும்பு!"

"சார், கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு ஒரு கதவு வெச்சான். நான் வெளியில பூட்டு போட்டுட்டேன்" என்றாள் ஊசியக்கா. "அவன் மேல இருக்கிற நம்பிக்கையில என் தப்ப மூடாதீங்க. கணக்கு வாத்தியார்தானே நீங்க? ஒரு எடத்துல தப்பாப் போட்டா விடை சரியா வருமா?"

வாத்தியார் வாயை மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

அவள் பிரித்துக் கொடுத்ததோடு விடவில்லை. அந்த ஒரு சாணை மட்டும் மெல்லிய நூலில் மறுபடி தைத்தாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கைக்கு மோசமாகத் தைக்கத் தெரியவில்லை! விட்டு விட்டுப் போட நினைத்தால் ஊசி தானாக நெருக்கிக்கொண்டு போயிற்று. நாலு முறை தைத்து, நாலு முறை இழுத்துப் பார்த்து, படக்கென்று பிரிந்த பிறகுதான், அதே மாதிரி மறுபடி தைத்து ஒவ்வொரு வண்டியையும் வெளியே விட்டாள். பத்து நாளில் எட்டு வண்டியும் முடிந்தது.

ஒன்பதாவதற்கு மட்டும் போன் போகவில்லை.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? பயம்தான். யார் யாரிடமோ பட்டென்று சொன்ன வாய், கூடப் பிறந்தவள் நம்பரை எடுத்ததும் ஒட்டிக்கொண்டது. புருஷனைப் பக்கவாட்டு இடியில் பறிகொடுத்தவளிடம், 'உன் மகள் பக்கத்தில் இருக்கிற பையை நான் கட்டிப்போட்டிருக்கிறேன்' என்று எப்படிச் சொல்வது? நாலு வருஷமாக வருகிற தூக்கத்தை எப்படிப் பிடுங்குவது? இதெல்லாம் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட நியாயம். அடியில் இன்னொன்றும் இருந்தது. தங்கை கண்ணில் அவள் ஒருத்திதான் தப்பே செய்யாதவள். அந்தப் பார்வையை இழக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அதனால் ஒரு குறுக்கு வழி யோசித்தாள். சொல்லாமலே வண்டியை வரவழைத்து, சொல்லாமலே பிரித்துத் தைத்து அனுப்பிவிட்டால் போயிற்று.

"ஏண்டி, அந்தச் சீட்டுத் தையல் ஒரு பக்கம் லூசா இருக்கும்னு நெனைக்கிறேன். வண்டிய ஒரு நாள் அனுப்பேன்" என்று போனில் சொன்னாள்.

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "லூசா? உன் தையலா? போக்கா, வேற வேலை இருந்தாப் பாரு. பாக்கணும்னா நேராச் சொல்லு, ஞாயித்துக்கிழமை நானே வரேன்."

வந்தாள், பஸ்ஸில். வண்டியை மகள் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப்போயிருந்தாளாம். அக்காளும் தங்கையும் டீ குடித்தார்கள், பழைய கதை பேசிச் சிரித்தார்கள். மூன்று முறை ஊசியக்கா வாயைத் திறந்தாள். மூன்று முறையும் வேறு ஏதோ பேசினாள். அடுத்த வாரம், "உறை நிறம் மங்கியிருக்கும், மாத்தித் தரேன்" என்று மறுபடி கூப்பிட்டாள். "இந்த நிறமேதான் வேணும்" என்று தங்கை சொல்லிவிட்டாள். மெக்கானிக் இரண்டு முறை, "தங்கச்சி வண்டி வந்துச்சாக்கா?" என்று கேட்டார். "வந்துடும், வந்துடும்" என்றாள்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், சந்தில் இருந்து வேகமாக வந்த சரக்கு வேன் ஒன்று தங்கை மகள் ஓட்டிய வண்டியை அவள் உட்கார்ந்திருந்த பக்கம் இடித்தது.

உயிருக்கு ஆபத்து இல்லை. பெல்ட் போட்டிருந்தாள், கதவும் தாங்கிக்கொண்டது. ஆனால் நாலு விலா எலும்பு முறிந்து, அதில் ஒன்று நுரையீரலைக் குத்திவிட்டது. ஆஸ்பத்திரியில் விலாவில் குழாய் போட்டிருந்தார்கள். மூச்சு விடும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தாள். பெரியம்மாவைப் பார்த்ததும், "ஓட முடியுமான்னு கேட்டேன் பெரியம்மா, இப்பச் சொல்ல முடியாதுங்கறாங்க" என்று விட்டு விட்டுச் சொன்னாள். ஊசியக்கா அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கேயும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தது. மெக்கானிக் சீட்டைப் பார்த்தார். சாய்மானத்தின் ஓரம், பல்வலிக்காரன் கன்னம் மாதிரி ஒரு பக்கம் வீங்கியிருந்தது. பை உள்ளேயே ஊதி, வெளியே வர வழியில்லாமல் பஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. "பை வந்திருந்தாலும் ஒண்ணு ரெண்டு ஒடிஞ்சிருக்கலாம்க்கா, யார் கண்டா?" என்றார் அவர். நல்ல மனுஷன், ஆறுதல் சொல்லப் பார்த்தார்.

"நாலும் ஒடிஞ்சிருக்காதில்ல?" என்றாள் ஊசியக்கா.

பதினோரு மணிக்குத் தங்கை வந்தாள். வண்டியைப் பார்க்கவேண்டும் என்று அவளே கேட்டு வந்திருந்தாள். நாலு நாளாக ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்த முகம். வண்டிக்காரர்கள் எழுந்து நின்று வழிவிட்டார்கள். வாத்தியார் நசுங்கிய கதவைக் காட்டி, "வேற வண்டியா இருந்தா பொண்ணு இன்னிக்கு இல்லைம்மா. இந்த வண்டி காப்பாத்திடுச்சு" என்றார். பல் டாக்டர் அம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். தங்கை கதவைத் தொட்டாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு உள்ளே கையை விட்டு, குங்கும நிறச் சீட்டின் ஓரத்தை மேலிருந்து கீழே தடவினாள்.

"பாருக்கா" என்றாள். "எவ்வளவு பெரிய இடி. கண்ணாடியெல்லாம் பொடிப்பொடியாப் போயிருக்கு. உன் தையல் ஒரு நூலுகூடப் பிரியல."

அங்கே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். அவர்கள் சீட்டையெல்லாம் அவள் பிரித்துத் தைத்திருந்தாளே. வாத்தியார் தரையைப் பார்த்தார். ஊசியக்கா தங்கைக்கு எப்போதோ சொல்லியிருப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"பிரிஞ்சிருக்கணும்டி" என்றாள் ஊசியக்கா.

"என்னக்கா?"

"அந்த எடத்துல அது பிரிஞ்சிருக்கணும். அது வழியாத்தான் பை வெளிய வரணும். என் நூலு விடல. உள்ளயே கட்டிப்போட்டுடுச்சு. தெரியாமத்தான் தெச்சேன்."

தங்கையின் கை அந்த வீக்கத்தின் மேலேயே நின்றது. அவள் அழுத்திப் பார்த்தாள். ரத்த மாதிரிகளில் பெயர் ஒட்டுகிறவள். எதையும் நிதானமாகப் பார்த்துப் பழகியவள்.

"தெரியாமத் தெச்ச. சரி" என்றாள். "எப்பக்கா தெரிஞ்சுது உனக்கு?"

ஒரு பொய் அப்போதும் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இன்றைக்குத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம், அங்கே யாரும் காட்டிக்கொடுத்திருக்கமாட்டார்கள்.

"மூணு வாரமா" என்றாள் ஊசியக்கா.

"மத்தவங்க வண்டியெல்லாம்?"

"பிரிச்சுத் தெச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எட்டையும்."

தங்கை கையை எடுத்துக்கொண்டாள். எட்டு வண்டிக்காரர்களில் அங்கே வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கத்துவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கத்தியிருந்தால் ஊசியக்காவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"லூசா இருக்குன்னு சொன்னியே" என்றாள். "நான் சிரிச்சேன்."

தோள்பையை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்று, திரும்பாமலே பேசினாள்.

"அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு. நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க."

அவள் போன பிறகு ஊசியக்கா பின்கட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, தையல் பிரிக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போய், அந்தச் சீட்டின் ஓரத்தைப் பிரித்தாள். இரட்டை மெழுகு நூல் லேசில் அறுபடவில்லை. விரலில் இரண்டு இடத்தில் கிழித்துக்கொண்டாள். ஒரு சாண் பிரிந்ததும் வெள்ளைப் பை வெளியே வந்து விழுந்தது. மெக்கானிக் பக்கத்தில் வந்து நின்றார். அவள் அந்த மடிப்பை எப்படிப் போடுவது என்று அவருக்குக் காட்டினாள். எந்த இடத்தில் அதைப் போடக்கூடாது என்றும் காட்டினாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கையால் மறைக்கவில்லை.

மூன்றேகாலுக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த வார்டு கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தங்கை பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். தங்கை எழுந்திருக்கவில்லை. ஊசியக்கா மட்டும் உள்ளே போனாள்.